தூக்குக் கயிறு கேட்பதற்கு முன் வாக்குமூலத்தைக் கவனியுங்கள்

கொடிய கொலையொன்று நடந்துவிட்டால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீதிக்கு இறங்கும் மக்கள் முதலில் கேட்பது தூக்குத் தண்டனையைத்தான். குற்றவியல் வழக்குகளில் இங்கு தோன்றிவரும் சட்டத்தரணி என்ற வகையில் அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மனித உரிமை பேசுவது எளிதன்று. ஆயினும் மரண தண்டனை அவருக்கு நீதியைப் பெற்றுத்தரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் மாதத்தில். அதன் பின்னரும் மேல் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, எதுவும் நிறைவேற்றப்படவில்லை. 2019 இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டபோது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மறு ஆண்டு, யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட படுகொலைக்காக மரண தண்டனை பெற்றிருந்த இராணுவத்தினர் ஒருவர் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். உச்சத் தண்டனை விதிக்கப்பட்ட வழக்கிலேயே, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது இதுதான்.

வழக்கின் தலைவிதி பெரும்பாலும் பொலிஸ் நிலையத்தின் முதல் நாட்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சாட்சி தமிழில் வாக்குமூலம் சொல்ல, உத்தியோகத்தர் அதைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போகிறார். களைத்துப்போயிருக்கும் சாட்சி, காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வீடு திரும்புகிறார். வாசலில் மின்குமிழ் எரிந்தது, அந்த வெளிச்சத்தில்தான் எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) முகத்தைக் கண்டேன் என்று அவர் சொன்ன வரி அந்த வாக்குமூலத்தில் இல்லையென்றால், பல ஆண்டுகள் கழித்துச் சாட்சிக்கூண்டில் அதைச் சொல்லும்போது, முன்பு சொல்லாததை இப்போது சேர்த்துக்கொள்கிறார் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் காட்டுவார். அதுவே உண்மைக் குற்றவாளி தப்புவதற்கு வழியாகலாம். இதேபோல, சொல்லாத ஒரு வரி உள்ளே நுழைந்துவிட்டால், குற்றமற்றவர் தண்டிக்கப்படவும் இடமுண்டு. இத்தகைய ஏட்டை நம்பி ஓர் உயிரை எடுக்கலாகாது என்பதே மரண தண்டனையை நான் எதிர்ப்பதற்கான முதற்காரணம். கைதி உயிரோடிருந்தால்தான் தவறைத் திருத்த முடியும்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவின்படி, பதியப்பட்ட வாக்குமூலம் உங்களுக்குக் காட்டப்படவோ வாசிக்கப்படவோ வேண்டும். அது உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். ஆகவே வாசித்துக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். விடுபட்டதை எழுதுவித்த பின்னரே கையொப்பமிடுங்கள். மொழிபெயர்ப்பாளர்களை எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் நியமிப்பதும், வாக்குமூலத்தை ஒலிப்பதிவு செய்வதும், வழக்குகளை ஆண்டுக்கணக்கில் இழுபட விடாதிருப்பதும் தூக்கிலிடும் அலுகோசு பதவிக்கு ஆள் தேடுவதைவிட அவசரமான சீர்திருத்தங்கள்.

எதிரியின் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் காலம் 14 நாட்கள் மாத்திரமே. சட்டத்தரணியை அமர்த்தப் பணமில்லையென்று அந்த நாட்களைக் கழியவிடாமல், தீர்ப்பு வந்தவுடனேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.