எரிகிற நாக்குக்கு எந்த பீர்?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மச்சினன் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் பீர் பார்லரில்தான் முடியும். மேசையில் மிளகு தூக்கலான பீஃப் ஃப்ரை, மத்தி வறுவல், பக்கத்தில் வியர்த்து வழியும் ஸ்ட்ராங் பீர். நாலு வாய் உள்ளே போனதும் மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு பாட்டில் சொல்லுங்க மச்சான், எரிச்சல் அடங்கல" என்பான். அடங்காது. அவன் குடிப்பதே எரிச்சலைக் கூட்டுகிற சரக்கு.

காரம் என்பது உண்மையில் ஒரு சுவையே இல்லை, வலி. சூட்டை உணர்வதற்கென்று நாக்கின் நரம்புகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கதவு மாதிரி திறந்து, "சுடுது" என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூடே இல்லாமல் அந்தக் கதவைத் திறந்துவிடும். மிளகின் பைப்பரினும் தட்டுவது அதே கதவைத்தான். 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பீர் எங்கே வருகிறது? ஆல்கஹால் பட்டால் இந்தக் கதவு திறக்கும் வெப்பம் 42இல் இருந்து 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நம் வாயின் சூடே அதைவிட அதிகம். ஆக, 8 சதவீதம் வரை போகும் ஸ்ட்ராங் பீர், ஏற்கெனவே மிளகாய் திறந்துவிட்ட கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறது. போதாததற்கு, நுரையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயில் கார்பானிக் அமிலமாக மாறி நரம்பைத் தனியாகக் குத்தும். கேப்சைசின் தண்ணீரில் கரையவும் செய்யாது. பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே, அது எதைக் கழுவும்? ஜில்லென்று இருப்பதால் கதவு கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும். விழுங்கியதும் பழைய கதை. எரிச்சலை உண்மையிலேயே அடக்க வேண்டுமென்றால் மோர்தான். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் மச்சினனிடம் மோர் குடி என்று யார் சொல்வது?

கசப்பும் இதே வகைதான். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவைக் கொதிக்கவைக்கும்போது வரும் கசப்பு நாக்கில் நெடுநேரம் தங்கும். காரத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். பெயரிலேயே இந்தியாவை வைத்திருக்கும் இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான பீர். குடம்புளி போட்ட சிவப்பு மீன்குழம்புக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றை நான் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸுக்கு மட்டும் கசப்பும் நுரையும் சரி. வாயில் படியும் எண்ணெயைத் துடைத்தது போலிருக்கும். அதற்கு லாகர் என்ற சாதாரண பீரே போதும்.

காரமான குழம்பு என்றால் ஆல்கஹால் குறைவாக, கசப்பு குறைவாக, லேசான இனிப்போடு ஒன்று வேண்டும். என் ஓட்டு ஜெர்மனியின் பவேரியாப் பக்கத்துக் கோதுமை பீருக்கு. லாகரைப் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாகப் புளிக்கவைப்பார்கள். கோதுமை பீர் புளிப்பது 20 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில். அந்தச் சூட்டில் அதன் ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளைத் தாராளமாக உண்டாக்கும். அது வேறெதுவும் இல்லை, வாழைப்பழத்துக்கு அந்த வாசனையைக் கொடுக்கிற அதே பொருள். கூடவே கிராம்பு வாசனை தரும் இன்னொன்றும் சேரும். பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை.

தேங்காய்க்கொத்து போட்டு வறட்டிய பீஃபுக்கு, கிடைத்தால், கறுப்பு ஸ்டவுட். 200 டிகிரிக்கு மேல் வறுத்த பார்லியும் சட்டியில் கறுகிய இறைச்சியும் வாசனையில் சொந்தக்காரர்கள். மசாலாவை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் இங்கே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கள்ளு ஷாப்புக்காரர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். காலையில் இறக்கிய தென்னங்கள்ளு இனிப்பு, மெல்லிய புளிப்பு, லேசான நுரை, கொஞ்சமே ஆல்கஹால். துளிக்கூடக் கசப்பு கிடையாது. மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் அதோடு சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. பொழுது ஏற ஏற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைக் கூட்டும், பாக்டீரியா புளிப்பைக் கூட்டும். சாயங்காலக் கள்ளுக்கு வீரியம் ஏறுவது அதனால்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லையோர ஊரான வேலந்தாவளம் தாண்டினால்தான் இந்தப் பாடம்.

போன முறை மச்சினனுக்கு நானே கோதுமை பீர் சொன்னேன். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனவன் நிறுத்திவிட்டு, சந்தேகமாகப் பார்த்தான். "மச்சான், இதுல பழம்பொரி வாசம் வருது." அப்புறம் பையனைக் கூப்பிட்டு ஒரு பிளேட் பழம்பொரியும் கொண்டுவரச் சொன்னான்.