விமானம்: பொற்றாமரைக் கரையிலிருந்து பெருங்குடி வரை

மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது அக்காள் மகள் கேட்டாள்: “மாமா, அந்தத் தங்கக் கோபுரத்தை ஏன் விமானம் என்கிறீர்கள்? அது பறக்காதே?” மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பக்கம் குடியிருக்கும் குழந்தை அவள். தலைக்கு மேல் இரைச்சலோடு இறங்குவதுதான் அவளுக்கு விமானம். “அது கோபுரமில்லை அம்மா. கோபுரம் வாசலில் நிற்பது. கருவறைக்கு மேலே எழுவதுதான் விமானம்” என்று திருத்தினேன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்பது சொல்லும்போதே உறைத்தது. வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டியதில் விளைந்தது இந்தக் குறிப்பு.

விமானம் வடசொல். ‘மா’ என்னும் வேருக்கு அளத்தல் என்று பொருள், ‘வி’ முன்னொட்டு. வேதத்தில் வெளியை அளப்பது, அளந்து கடப்பது என்ற பொருளில் வருகிறது. அதன் பிறகே தேவர்கள் ஏறிச்செல்லும் ஊர்தி, பல அடுக்கு மாளிகை, கோயில் என்று கிளைத்தது. இராவணன் குபேரனிடம் பறித்த புஷ்பக விமானத்தை நினைத்துக்கொண்டால் இந்தக் கிளைகள் எங்கே கூடுகின்றன என்பது விளங்கும்; அது பறக்கிற மாளிகை. சிற்பிகள் கைக்கு வந்தபோது சொல்லின் வேர்ப்பொருள் மறுபடி தலைதூக்கியது. அவர்களுக்கு ‘மானம்’ என்றாலே அளவு. மானாங்குலம் என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். அடிப்பீடமான அதிட்டானம் தொடங்கி உச்சித் தூபி வரை அளவு பிசகாமல் எழுப்பிய முழுக் கட்டடமும் அவர்கள் மொழியில் விமானம். மேலே தெரிகிற பகுதியை மட்டும் அப்படி அழைப்பது நம் வழக்கம்.

ஆனால் மருமகளின் கேள்விக்கான பதில் சிற்ப நூலில் இல்லை, மதுரைத் தலபுராணத்தில்தான் இருக்கிறது. விருத்திராசுரனைக் கொன்ற பழி நீங்க அலைந்த இந்திரன், கடம்பவனத்தில் லிங்கத்தைக் கண்டு, தன் உலகத்திலிருந்து விமானம் ஒன்றை வருவித்து அதன்மேல் அமைத்தான் என்பது திருவிளையாடற் புராணத்தின் முதல் படலம். சுந்தரேசுவரர் சந்நிதி விமானத்துக்கு இன்றும் இந்திர விமானம் என்றே பெயர். எட்டு யானைகளும் 32 சிங்கங்களும் 64 சிவகணங்களும் அதைத் தாங்குவதாகச் சொல்வார்கள். திருவீழிமிழலையிலும் இதே போன்ற கதைதான்; அங்கே பெயரே ‘விண்ணிழி விமானம்’. இழிதல் என்றால் இறங்குதல். ஆக, கோயில் விமானமும் ஒரு காலத்தில் வானிலிருந்து இறங்கியதுதான், இறங்கியபின் புறப்படவில்லை, அவ்வளவே. இதைச் சொன்னதும் குழந்தை சமாதானமானாள். கூடலழகர் கோயிலின் அஷ்டாங்க விமானத்தில் பெருமாள் இருந்தும் நின்றும் கிடந்தும் மூன்று தளங்களில் இருக்கிறார் என்று மேலும் ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்குப் பசி வந்துவிட்டது.

இனி நேர்த் தமிழ்ச் சொல். இது யாரும் புதிதாக உருவாக்கியதில்லை. புறநானூற்று 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் சொல்கிறார்: “புலவர் பாடும் புகழுடையோர் விசும்பின் வலவன் ஏவா வான ஊர்தி” எய்துவர் என்று. வலவன் என்றால் தேர்ப்பாகன். பாகன் செலுத்தாமல் தானே செல்லும் வானவூர்தி! ஆளில்லா விமானத்துக்கு இந்த அடியைக் காட்டி நம்மவர்கள் மார்தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு பேசுவது இறந்தபின் கிடைக்கும் பேறு, பொறியியல் அன்று. சொல் நம்முடையது என்பது மட்டும் உண்மை. அதுவே போதாதா?

மதுரைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான இடம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. நகர் எரிந்தபின் கண்ணகி மேற்கு வாயில் வழியே வெளியேறி, வையைக் கரையோடு நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, பதினான்காம் நாள் கழிந்தபின் கோவலனோடு “வான ஊர்தி ஏறினள்” என்று முடிகிறது கட்டுரை காதை. மதுரையிலிருந்து வானூர்தி ஏறியவர்களில் முதல் பெயர் அவளுடையதுதான். ஏறுவதற்கு இரண்டு வாரம் நடக்க வேண்டியிருந்தது. ஓடுபாதை தேவைப்படவில்லை.

ஊர்தி என்பது ஊர்தல் என்ற வினையடியாகப் பிறந்தது. எறும்பும் ஊரும், குதிரையையும் ஊர்வார்கள். குடியிருக்கும் ‘ஊர்’ ஒலியில் ஒன்றுபோல் இருந்தாலும் அகராதிகள் அதைத் தனிச் சொல்லாகவே வைக்கின்றன. வானூர்தியைத் தனித்தமிழ் எழுத்தாளர்கள் மீட்டார்கள். ஈழத்தமிழர் இயல்பாக எழுதுகிறார்கள், ஹெலிகாப்டர் அவர்களிடம் உலங்கு வானூர்தி. தமிழக நாளிதழ்களில் விமானமே ஆட்சி செய்கிறது, விமானி, விமான நிலையம் என்று குடும்பம் வேறு பெருகிவிட்டது. என் கருத்து: பறக்கும் எந்திரத்துக்கு வானூர்தி என்று எழுதலாம், எழுத வேண்டும். அதற்காக விமானத்தை அடித்துத் துரத்த வேண்டியதில்லை, அதற்குக் கோயிலில் வேலை இருக்கிறது. நகரப் பேருந்து நடத்துநரோ இந்தச் சச்சரவிலேயே சேராமல் ‘ஏர்போர்ட்’ என்று கூவிவிட்டுப் போகிறார். நிலையத்துக்கு யார் பெயரைச் சூட்டுவது என்ற சண்டை தனி. அதைத் தொட எனக்குத் துணிவில்லை.

எந்திரத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள சொற்களில்தான் மதுரையின் வழக்கு கிடக்கிறது.

ஓடுபாதை, ஓடுதளம் இரண்டும் வழங்குகின்றன, இரண்டும் வினைத்தொகை. மதுரை விமான நிலையம் 1942இல், போர்க்காலத்தில், படை விமானங்களுக்காகத் தொடங்கப்பட்டது. கிழக்கு மேற்காகக் கிடக்கும் அதன் ஓடுபாதையின் நீளம் இப்போது 7,500 அடி. அதை 12,500 அடியாக்க வேண்டும் என்பதுதான் நெடுங்காலத் திட்டம். கூடுகிற 5,000 அடி ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் எடுக்கும் நிலம் அறுநூறு ஏக்கருக்கு மேல். ரிங் ரோடு குறுக்கே வருவதால் சாலையை அடியில் சுரங்கமாகக் கொண்டுபோய் மேலே ஓடுபாதையை நீட்டலாமா என்பதும் பல ஆண்டு விவாதம்.

‘விரிவாக்கம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விரிவுடன் ஆக்கம் சேர்ந்தது. ஆக்கம் என்பதற்குச் செல்வம், பெருக்கம் என்ற பொருளும் உண்டு, குறளிலேயே உண்டு. அதனால் சொல்லும்போதே ஒரு நல்லெண்ணம் ஒட்டிக்கொள்கிறது. நிலம் போகிறவர் காதில் விழும் சொற்கள் வேறு. வயதானவர்கள் ‘ஆர்ஜிதம்’ என்பார்கள். வடமொழியில் ஈட்டியது, சம்பாதித்தது என்று பொருள். யார் உழைத்து யார் சம்பாதித்தது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. பத்திரிகையில் ‘கையகப்படுத்துதல்’: கைக்குள் கொண்டுவருதல். இது கொஞ்சம் நேர்மையானது, எந்தக் கை என்றாவது கேட்கத் தோன்றும். வருவாய்த் துறைப் பெயர்ப்பலகையில் ‘நில எடுப்பு’. மூன்றில் இதுவே எனக்குப் பிடித்தது. எடுக்கிறார்கள், எடுப்பு. பூச்சு இல்லை.

அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, வலையங்குளம், பெருங்குடி என்று எடுப்புப் பட்டியலில் வந்த ஊர்ப் பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். குளம், குண்டு என்று நீர் நிற்கும் பெயர்கள். பாண்டி நாட்டில் ஏரியைக் கண்மாய் என்போம். இங்கே கண்மாய் என்றால் பாசனம் மட்டுமில்லை, கிணற்று ஊற்றும் மாட்டுக்குத் தண்ணீரும் அதுதான். சின்ன உடைப்பு என்றொரு ஊர். கரை உடைவதை உடைப்பு என்பது நம் வழக்கு. ஊர்ப்பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் மாற்று இடமும் மறுவாழ்வும் தராமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டோம் என்று போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அரசு ஆவணத்தில் இதற்குரிய சொல் ‘மீள்குடியமர்வு’. ‘மீள்’ என்ற அடைமொழி திரும்பி வருதலைக் குறிப்பது. திரும்ப வருவதற்கு அந்த இடம் ஓடுபாதையாகியிருக்கும்.

இவ்வளவும் எதற்காக? இங்கேதான் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். சென்னைக்குப் போய்வரும் ஏடிஆர் போன்ற சிறு விமானத்துக்கு இப்போதுள்ள ஓடுபாதை தாராளம். கொழும்பு, துபாய் போன்ற ஊர்களுக்குப் போகும் நடுத்தர விமானங்களும் இதிலேயே ஏறி இறங்குகின்றன. நீளம் கேட்பது, எரிபொருளை நிறைத்துக்கொண்டு கிளம்பும் அகன்ற உடல் விமானம். அதிலும் மதுரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எழும்புமுன் அதிக தூரம் ஓட வேண்டும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் பெரிய விமானம் கேட்பதில் நியாயம் உண்டு. சென்னைக்குப் பறப்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில் இல்லை.

இந்தச் சின்னப் பயணத்துக்குத் தமிழில் ‘குறுந்தூரப் பறப்பு’ எனலாம். குறுந்தொலைவு என்றாலும் சரியே. எழும்பி உயரம் பிடிப்பதில்தான் எரிபொருள் அதிகம் செலவாகும், அதனால் தூரம் குறையக் குறைய ஒரு கிலோமீட்டருக்கான செலவும் புகையும் கூடும். பிரான்சில் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2021இல் சட்டமியற்றி 2023 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து மூன்று வழித்தடங்கள்தான் அதில் அகப்பட்டன. அந்த அளவுகோலை மதுரையில் வைத்தால் திருச்சியோடு நின்றுவிடும். மதுரையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போகிறவரை நான் சந்தித்ததில்லை.

சுவீடன்காரர்கள் சட்டத்துக்குப் பதிலாக ஒரு சொல்லைப் பரப்பினார்கள்: ‘ஃப்ளூக்ஸ்காம்’. ஃப்ளூக் என்றால் விமானப் பயணம், ஸ்காம் என்றால் கூச்சம், வெட்கம். தமிழில் எழுதுகிறவர்கள் ‘விமான வெட்கம்’ என்று போட்டுவிடுகிறார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் விமானம் தலைகுனிந்து நிற்பதுபோல் இருக்கிறது. நம்மிடம் இதைவிடக் கூர்மையான சொல் இருக்கிறது. “கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற” என்று நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் இரண்டையும் பிரித்துவிட்டார். தகாத செயலுக்காகக் கூசுவது நாணு. பெண்களின் இயல்பான கூச்சம் வேறு. ஆகவே ‘பறப்பு நாணு’. உச்சரிக்கக் கொஞ்சம் கரடுமுரடு, பொருள் பிசகாது.

அதோடு கூடப் பிறந்த இன்னொரு சொல்லும் சுவீடனில் உண்டு, ரயிலில் போனேன் என்று பீற்றிக்கொள்வதற்கு. இதற்குத் தமிழ் தேடி மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. 1977 ஆகஸ்ட் 15 முதல் மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. 2019இல் வந்த தேஜஸ் ஏறத்தாழ ஆறேகால் மணி நேரத்திலும், 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த நாகர்கோவில் வந்தே பாரத் ஐந்தரை மணி நேரத்திலும் சென்னை சேர்கின்றன. விமானத்துக்காக ஊருக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போய், சோதனைக்குக் காத்திருந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் வரும் நேரத்தையும் கூட்டினால் மிச்சமாவது இரண்டு மணி நேரம் இருக்கலாம். அத்தனை வேகம் வந்தபிறகும் என் அத்தான் இன்னும் “காலையில் வைகையைப் பிடித்தேன்” என்றுதான் தொடங்குவார், ஏதோ ஆற்றையே மடக்கிப் பிடித்ததுபோல.