ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்கு நாடகம்: மேடைக்கு முன் வகுப்பறை

திருகோணமலைப் பாடசாலைகளில் நாடகம் என்ற பேச்சு பெரும்பாலும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்த பின்னரே எழுகிறது. அதை விட்டால் வாணிவிழா, ஒளிவிழா, ஆசிரியர் தினம். குரல் எடுப்பானவர்களும் விரைவாகப் பாடமாக்கக் கூடியவர்களும் தெரிவு செய்யப்படுகிறார்கள். ஏனைய பிள்ளைகள் மண்டபத் தரையில் வரிசையாக அமர்ந்து கைதட்டுகிறார்கள். நாடகமும் அரங்கியலும் பாடத்தைக் கற்பித்துக்கொண்டும், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு அரங்கப் பயிற்சி வழங்கிக்கொண்டும் பல பாடசாலைகளுக்குச் சென்றுவரும் எனக்கு, அந்தத் தெரிவுக்கு வெளியே விடப்படும் பிள்ளைகளைப் பற்றியே கவலை அதிகம். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்குத்தான் நாடகம் முதலில் தேவை. நமது நடைமுறையோ அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கழித்துவிடுகிறது.

நாடகம் தனிப் பாடமாகக் கிடைப்பது ஆறாம் தரத்திலிருந்துதான். அப்போதும் சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு தெரிவுக்குரிய அழகியற் பாடங்களில் ஒன்றாகவே அது இருக்கிறது. ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அந்தத் தெரிவும் இல்லை. ஆனால் முதலாம் தரம் தொடக்கம் ஐந்தாம் தரம் வரையான கலைத்திட்டத்தில் நாடகத்துக்கு இடமே இல்லை என்று கூற முடியாது. விளையாட்டு, செயற்பாடு, மேசையில் அமர்ந்து செய்யும் வேலை என்ற மூன்றும் ஆரம்பக் கல்வியின் கற்றல் முறைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. சிறிய வகுப்புகளில் விளையாட்டுக்கே முதலிடம் தரப்பட்டிருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையும், விளையாடுவதையும் கலைகளில் பங்குகொள்வதையும் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது. ஆகவே புதிய பாடமொன்றைக் கேட்டுப் போராட வேண்டியதில்லை. இருக்கும் பாடவேளைக்குள் மேசை கதிரைகளைச் சுவரோரம் ஒதுக்கிவைக்கும் மனம் இருந்தால் போதும்.

அப்படி ஒதுக்கிய பின்னர் என்ன செய்வது என்பதே ஆசிரியர்கள் என்னிடம் வழமையாகக் கேட்கும் கேள்வி. நான் பெரும்பாலும் கரைவலையிலிருந்து, அதாவது கடலில் விரித்த வலையைப் பலர் சேர்ந்து கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் மீன்பிடி முறையிலிருந்து தொடங்குவேன். பிள்ளைகளை இரண்டு வரிசைகளாக நிறுத்தி, அவர்களுடைய கைகளில் நனைந்த, கனமான கயிறு ஒன்று இருப்பதாகச் சொல்லி, கரைக்கு இழுக்கச் சொல்வேன். முதலில் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் இழுப்பார்கள். முன்னால் நிற்பவரின் கை ஓரிடத்திலும் பின்னால் நிற்பவரின் கை வேறோர் உயரத்திலும் இருக்கும். "இந்தக் கயிறு எங்கே அறுந்து கிடக்கிறது?" என்று கேட்டால், தாங்களே திரும்பிப் பார்த்து அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஒரு பிள்ளை, மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ சொல்லி ஒரே இழுப்பாக இழுப்பார்கள்.

கடலோரக் கிராமப் பாடசாலை ஒன்றில் இதைச் செய்தபோது, வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன் என்று எனக்கு அறிமுகப்படுத்தப்பட்ட மூன்றாம் தரச் சிறுவன் ஒருவன் வரிசையை விட்டு வெளியே வந்து என் காலைப் பார்த்தான். "அப்பிடி நின்டா இழுபட்டுப் போயிருவீங்க, ரீச்சர். குதிக்கால மண்ணுக்குள்ள புதைச்சு நில்லுங்க" என்றான். அதன் பின் அந்த வகுப்புக்கு எப்படி நிற்பது, கயிற்றை எந்தப் பக்கமாகப் பிடிப்பது, மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும்போது யார் ஓட வேண்டும் என்பதையெல்லாம் அவனே சொல்லிக்கொடுத்தான். வகுப்பாசிரியர் அவனுடைய குரலை அவ்வளவு நீளமாகக் கேட்டது அன்றுதான் என்றார். ஒருவரையொருவர் கவனித்தல், உடல்களின் இசைவு, இல்லாத பொருளை இருப்பதாகப் பார்ப்பவரை நம்பவைத்தல் ஆகிய நடிப்பின் அடிப்படைகள் மூன்றும் அந்த விளையாட்டில் இருந்தன. வசனம் என்று யாரும் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை.

நான்காம், ஐந்தாம் தரங்களில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விளையும் தம்பலகாமம் போன்ற வயற்புறங்களின் பிள்ளைகளுக்கு நீர்ப் பங்கீடு என்பது வீட்டில் அன்றாடம் கேட்கும் பேச்சு. ஆசிரியர் தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு வயல்களுக்கான நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாராக வகுப்புக்குள் நுழைந்து, சிறுபோக நெற்செய்கைக்குக் குளத்தில் நீர் போதாது, மேல்வாய்க்கால் வயலுக்கு முதலில் விடுவதா, கடைவாய்க்கால் வயலுக்கு விடுவதா என்று கூட்டத்தில் கேட்கட்டும். பிள்ளைகள் விவசாயிகளாக அமர்ந்து தங்கள் நியாயத்தைச் சொல்வார்கள், கோபிப்பார்கள், விட்டுக்கொடுப்பார்கள். தீர்ப்பை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது என்பது மட்டுமே கட்டாய விதி. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வரும் நீர் பற்றிய பாடமும், தமிழ்மொழியில் வரும் கருத்துரைத்தலும் இங்கே தாமாகவே நடந்துவிடுகின்றன. ஆசிரியரே பாத்திரமேற்று வகுப்பை நடத்தும் இம்முறையை வளர்த்தெடுத்தவர் இங்கிலாந்தின் டொரத்தி ஹீத்கோட். அதே நாட்டில் 1965இல் கொவன்றி நகரின் பெல்கிரேட் அரங்கிலிருந்து தொடங்கியதே கல்வியில் அரங்கு என்று இன்று நாம் கற்பிக்கும் மரபு.

மொழி குறித்து அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். பெரியவர்கள் எழுதிக்கொடுத்த, பொருள் விளங்காத நீண்ட வசனங்களை ஏழு வயதுப் பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தி ஒப்புவிப்பதை நாம் நடிப்பு என்று பாராட்டிப் பழகிவிட்டோம். அதில் குரல்வளைதான் கெடுகிறது. மூச்சை அடிவயிறு வரை இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, எதிர்ச் சுவரில் இருக்கும் நண்பனுக்குச் சொல்வதாக நினைத்துப் பேசப் பழகிய பிள்ளைக்குக் கத்த வேண்டிய தேவையே இராது. அதுபோலவே, மூதூர், கிண்ணியா, சம்பூர், திருகோணமலை நகரம் என்று ஒரே மாவட்டத்துக்குள்ளேயே தமிழின் ஓசை மாறுகிறது. நாடகத்தில் கிராமத்துப் பேச்சைக் கோமாளிக்கும் வேலைக்காரனுக்கும் மட்டும் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தன் வீட்டுப் பேச்சைக் கேட்டு மண்டபம் சிரிப்பதைக் காணும் பிள்ளை, அடுத்த முறை பேசாமலே இருந்துவிடும்.

கலையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய ஊரும் இதுவல்ல. நவராத்திரி காலத்தில் கும்பம் ஆடிவரும் வீதிகளைப் பார்த்து வளரும் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தாளத்துக்கு உடல் அசைவது புதிதாக இருக்க முடியாது. கூத்துத் தெரிந்த அண்ணாவியார் ஒருவரை மத்தளத்தோடு வகுப்புக்கு அழைத்துவந்து, ஒரேயொரு தாளக்கட்டைச் சொல்லிக்கொடுக்கச் செய்து, வட்டமாக நின்று கால் வைத்துப் பார்ப்பது ஒரு பாடவேளைக்குள் அடங்கும் காரியம். முடி, கரப்புடுப்பு முதலிய கூத்து உடைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை மீள மேடையேற்றியதும், அக்கூத்துகளில் ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் சிறுவர்க்கான நாடகங்களையும் ஆக்கியதும், 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஆடலும் பாடலும் நிறைந்த சிறுவர் அரங்கை உருவாக்கியதும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வரலாறு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற இளைஞர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. பருமனான பிள்ளைக்கு எப்போதும் அரக்கன் வேடம், கறுத்த பிள்ளைக்கு எப்போதும் கள்வன் வேடம் என்று கொடுப்பது அந்தப் பிள்ளையின் மனதில் வருடக்கணக்கில் தங்கிவிடும் காயம். அழுதபடி நிற்கும் பிள்ளையை வட்டத்துக்குள் இழுக்க வேண்டாம். திரை பிடிக்கவும், மணி அடிக்கவும், பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லவும் ஆள் தேவைதானே. போரையும் கடற்கோளையும் கண்ட குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. மேடையில் கண்ணீரை வரவழைப்பதற்காக மரணக் காட்சிகளைச் சிறுவர்களைக் கொண்டு நடிக்கவைப்பதை நான் ஏற்பதில்லை. விளையாட்டின் நடுவே ஒரு பிள்ளை வீட்டில் தனக்கு நடக்கும் துன்பத்தைச் சொல்லிவிடுவதும் உண்டு. அப்போது அதை நாடகமாக்காமல், மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் துருவிக் கேட்காமல், அதிபருக்கும் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வோர் அரங்கப் பயிற்றுநரும் மனதில் வைத்திருப்பது நல்லது.

பெற்றோரின் மறுப்பு எப்போதும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால்தான் வருகிறது. நாடகம் பழகினால் புள்ளி கூடும் என்று நான் யாருக்கும் வாக்குறுதி தருவதில்லை; அது நாடகத்தின் வேலையும் அல்ல. வாரத்தில் ஒரு பாடவேளையை இழப்பதால் எந்தப் பிள்ளையும் பரீட்சையில் தோற்பதில்லை என்பதை மட்டும் சொல்வேன். மாலை வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு என்று ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் உடலைத் தானே அசைத்துப் பார்க்க அந்த ஒரு பாடவேளையாவது மிஞ்ச வேண்டும்.

அதிபர்களிடம் எனது வேண்டுகோள் எளிமையானது. முதலாம் தவணைக்கான நேரசூசியைத் தயாரிக்கும்போதே, ஆரம்பப் பிரிவின் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை அரங்க விளையாட்டுக்கென்று குறித்துவிடுங்கள். போட்டிக்கான சுற்றறிக்கை வரும்போது, அதுவரை வகுப்பறையில் பிள்ளைகள் தாங்களே உருவாக்கிய ஒன்றிலிருந்து நாடகத்தை எடுங்கள். போட்டி விதி அனுமதிக்கும் எண்ணிக்கையினர் மேடையேறட்டும். அதே நாடகத்தை முழு வகுப்பும், வசனம் உள்ளவர்களும் கோரசாகப் பாடுபவர்களும் அலையாகவும் மரமாகவும் நிற்பவர்களுமாக, பெற்றோர் முன்னிலையில் பாடசாலை முற்றத்திலே ஒரு தடவை ஆடுவதற்கு நாள் ஒன்றையும் அதே நேரசூசியில் குறித்துவையுங்கள்.