அருகலை: வைஃபைக்குத் தமிழ்ச் சொல்

சுங்கை சிப்புட் பக்கம் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், தே தாரேக் மேசைக்கு வருமுன்னே இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, வைஃபை பாஸ்வர்ட் என்ன?" கொஞ்ச நேரத்தில் மூலை மேசையிலிருந்து, "லைன் இல்லையே அண்ணே!" எந்த லைன் என்பதில்தான் குழப்பம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்பதன் சுருக்கம்தான் வைஃபை என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பின்னால் ஒட்டவைத்த விரிவு. கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்வதற்கான பொதுத் தரம் 1997இல் வெளிவந்தது; அதன் பெயர் ஐஇஇஇ 802.11. இப்படியொரு பெயரைச் சொல்லி எந்தக் கடைக்காரரால் விற்க முடியும்? 1999இல் இத்துறை நிறுவனங்களின் கூட்டணி, இன்டர்பிராண்ட் என்ற நிறுவனத்திடம் ஒரு நல்ல பெயர் கேட்டது. பாட்டுப் பெட்டிகளால் பழகிப்போன 'ஹை-ஃபை'யின் ஓசையில் பிறந்தது வைஃபை. சொல்லுக்குள் தேடினால் பொருள் ஒன்றும் கிடைக்காது.

தமிழ்ச் சொல் அப்படியில்லை. அருகு + அலை = அருகலை; குற்றியலுகரம் கெட்டுச் சேர்ந்திருக்கிறது. வானொலிக்காரர்கள் சொல்லும் 'வானலை'க்கு இது தம்பி முறை. வானலை ஊர் ஊராகப் போகும். அருகலை நம் வாசலைத் தாண்டினால் தடுமாறும். எனக்கு இன்னொரு பொருளும் தோன்றும். 'அருகிவரும் உயிரினம்' என்கிறோமே, அந்த அருகுதல் குறைந்துபோவதைக் குறிக்கும். அதன்படி வினைத்தொகையாகப் பிரித்தால், அருகும் அலை: போகப் போகக் குறையும் அலை! சொல்லை ஆக்கியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, இயற்பியல் சரியாகத்தான் இருக்கிறது.

குறைவதற்குத் தூரத்தோடு சுவரும் தகரமும் காரணம். அருகலை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வரும். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை சற்றுத் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். பழைய தோட்டத்துப் பலகை வீட்டில் அலை சுலபமாக நுழையும். இரும்பு அலமாரிக்கு முன்னால் அதன் பாச்சா பலிக்காது. என் அத்தை தூசி படக்கூடாதென்று, அருகலையைப் பரப்பும் ரவுட்டரை அந்த அலமாரிக்குள்தான் பூட்டி வைத்திருந்தார்.

வைஃபையைக் 'கம்பியில்லா இணையம்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கைப்பேசியின் 4ஜியும் கம்பியில்லாததுதானே? மேலும், அருகலை வேறு, இணையம் வேறு. ஃபைபர் என்ற கண்ணாடி இழை வழியே வரும் இணையத்தை மோடம் வாங்கித் தருகிறது. ரவுட்டர், தமிழில் திசைவி, அதை வீட்டிலுள்ள கருவிகளுக்குத் திசை பார்த்துப் பிரித்து அனுப்புகிறது. அந்தக் கடைசிச் சில அடிகளைக் கடப்பதுதான் அருகலை. இணையமே இல்லாவிட்டாலும் கைப்பேசியிலிருந்து அச்சுப்பொறிக்கு அது படத்தைக் கொண்டு சேர்க்கும்.

ஆகவே அடுத்த முறை 'லைன் இல்லை' என்பதற்கு முன் கைப்பேசியைப் பாருங்கள். அருகலைக் குறி முழுதாக இருந்தும் எதுவும் திறக்கவில்லையா? கோளாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணையத்தில்தான். கடைக்கார அண்ணனை முறைத்துப் பயனில்லை.