சீவல் விழாத செதுக்கல்

காரைக்குடியில் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன், இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளத் தோலில் ஒரு உளி உறை கேட்டார். முக்கால் இன்ச் உளி. எனக்குத் தோல் வேலை பொழுதுபோக்கு என்பது அவருக்குத் தெரியும். வெறும் உறை போதாது, அவர் நிலைக்கதவுகளில் செதுக்கும் தாமரை அதிலும் இருக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் கழித்து வந்து, நான் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

“செதுக்குறேன்னு சொன்னே, ஒரு சீவல்கூட விழலையே தம்பி?”

தேக்கில் வேண்டாததை வெட்டி எறிந்தால்தான் பூ வரும். தோலில் எதையும் எறிவதில்லை. கத்தியால் கோடு கீறி, கோட்டின் ஒரு பக்கத்தை அமுக்கிவிடுகிறோம். அமுங்காத பக்கம் இதழாக எழும்பித் தெரிகிறது. துப்பாக்கி உறைகளில் வரும் பூவேலையும் இப்படித்தான். அமுக்கியது ஏன் அமுங்கியபடியே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் அதன் அமைப்பை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். பச்சைத் தோலை ஈரமாக விட்டால் அழுகும், காயவிட்டால் பலகையாகும். அதைப் பதப்படுத்த நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் காலங்காலமாகப் பயன்பட்டது ஆவாரம் பட்டை. பட்டையிலுள்ள டானின், அதாவது துவர்ப்புச் சத்து, நார்களுக்கு நடுவே புகுந்து ஒட்டிக்கொள்கிறது. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அங்கேயும் டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடிக்கிறது. உங்கள் வாயை லேசாகப் பதனிட்டுப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பார்கள். மாட்டுக்கு அது பலிக்கவில்லை, அதன் தோலுக்குப் பலித்திருக்கிறது.

டானினும் புரதமும் பிடித்திருக்கும் பிடி பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பலவீனம், கூட்டமாகச் சேர்ந்தால் பலம். தண்ணீர் நடுவில் நுழைந்தால் இந்தப் பிடி தளரும், நார்கள் வழுக்கி இடம் மாறும். காய்ந்ததும் மாறிய இடத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்பதும் இதே கணக்குதான். குரோமியம் உப்பில் பதனிட்ட தோலில் இந்த வேலை நடக்காது. அந்தப் பிணைப்பு தண்ணீருக்கு அசையாது. அடித்த அச்சு கொஞ்ச நேரத்தில் மேலே எழுந்துவிடும். கைப்பைகளுக்கும் ஷூக்களுக்கும் வரும் தோலில் பெரும்பாலானது குரோம் தோல் என்பதால், செதுக்க ஏற்ற தோலைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஈரத்தின் அளவில்தான் முழு வித்தையும். ஸ்பாஞ்சால் நனைத்ததும் தோல் கறுக்கும். உடனே அடித்தால் அச்சு கொழகொழவென்று கலங்கும். காத்திருக்க வேண்டும். நிறம் கிட்டத்தட்ட பழையபடி வெளுத்த பிறகும் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். மேலே காய்ந்து, உள்ளே ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதுதான் நேரம். 3 மி.மீ. தோலில் ஒரு மி.மீ. ஆழத்துக்குக் கீறுகிறேன். பிறகு சரிந்த முகமுள்ள அச்சுளியைக் கோட்டை ஒட்டி வைத்துத் தட்டித் தட்டி நகர்த்துகிறேன். ஈரம் சரியாக இருந்தால் தட்டிய இடம் தானாகவே கரும்பழுப்பாகும். சாயமே வேண்டாம். நெருங்கிய நார்களோடு நிழலும் சேர்ந்து, அரை மி.மீ. பள்ளம் ஆழமாகத் தெரியும்.

அண்ணன் பேச்சு வாக்கில் தன் உளியை அந்த ஈரத் தோலின் ஓரத்தில் வைத்துவிட்டார். எடுத்தபோது கருநீலக் கறை. இரும்பும் டானினும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதனால்தான். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்ததில் முக்கால்வாசி போனது. அச்சுளிகளுக்கு முலாம் பூசியிருப்பது ஏன் என்று அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

உறையை உளியின் வடிவத்துக்குப் பிடிப்பதும் ஈரத்தில்தான். உளியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நனைத்த தோலை அதன்மேல் விரலால் அழுத்தி, நிழலில் காயவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முன்பு ஒரு முறை அவசரத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். தோல் கண்ணெதிரே அப்பளம்போலச் சுருண்டு கட்டையானது. பட்டையில் பதனிட்ட தோலில் 70, 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்த மூவிழை முறுக்கு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தது திரும்பாது.

தையல் சாதாரணம்: ஒரு மெழுகு நூல், இரண்டு ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போகும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. உளி முனை நூலை அறுக்காமலிருக்க நடுவில் ஒரு தோல் பட்டியும் வைத்தேன்.

கொடுக்கும்போது, ராத்திரியில் உளியை உறைக்குள் விடாதீர்கள் என்றேன். தோல் காற்றின் ஈரத்தை இழுக்கும், டானினோ அமிலம், இரும்பு துருப்பிடிக்கும். துருவை ஆராய்வதற்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

போன வாரம் உறையைக் கழற்றிக் காட்டினார். வெயில் பட்ட தாமரை நன்றாகச் சிவந்திருந்தது. ஆவாரை டானின் வெளிச்சத்தில் சிவக்கும். பெல்ட் மறைத்த இடத்தில் மட்டும், நான் கொடுத்த அன்றைய வெளிர் நிறத்தில் ஒரு பட்டை.