போத்தல் முடிந்ததும் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள்

மலையகத்து வைத்தியசாலை விடுதிகளில் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "மிஸ், இன்னொரு சேலைன் போத்தல் ஏத்த மாட்டீங்களா?" என்பதுதான். மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடக்கும் தாயின் உடம்புக்குத் தெம்பு சேர்க்கும் பொருளாகவே அந்தப் போத்தலை அவர்கள் பார்க்கிறார்கள். அந்தத் தவிப்பில் குறை காண எதுவுமில்லை. ஆனால் 500 மில்லிலீற்றர் சாதாரண சேலைனில் இருப்பது நீரும் 4.5 கிராம் உப்பும் மட்டுமே. அது உணவு அன்று. கடுமையாக நோயுற்றவருக்கு அது ஒரு மருந்து. எல்லா மருந்துகளையும் போல அதற்கும் அளவு உண்டு, அளவு மீறினால் தீங்கும் உண்டு. அந்த அளவை ஒவ்வொரு தடவையும் நோயாளரின் குருதிச் சுற்றோட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராக இருக்கும் எனக்கு, சேலைன் ஏற்றுவதைவிட, ஏற்றிய பின் திரும்பி வந்து பார்ப்பதே பெரிய வேலையாகத் தெரிகிறது.

சேவையில் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய வைத்தியசாலையில் மார்கழி மாதத்து இரவுக் கடமையில் இருந்தேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் சிறுநீர்த் தொற்றோடும் நடுக்கக் காய்ச்சலோடும் வந்தார். குருதியமுக்கம் 80/50. முதல் போத்தலுக்குப் பிறகு மேல் இலக்கம் 90, இரண்டாவதற்குப் பிறகு 96, மூன்றாவதற்குப் பிறகு 104. அந்த 104ஐக் கண்டு நாங்கள் எல்லோரும் ஆறுதலடைந்தோம். இதற்கிடையில் அவருடைய மூச்சு நிமிடத்துக்கு 22இலிருந்து 34 ஆகக் கூடியிருந்தது. அட்டவணையில் அதை எழுதியது என் கைதான். எழுதினேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. விடிவதற்கு முன் அவர் எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடினார். வாயோரத்தில் இளஞ்சிவப்பு நுரை. பெரிய வைத்தியசாலையில் நான்கு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து அவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய கால்கள் அந்த இரவு முழுவதும் முழங்கால்வரை குளிர்ந்தே இருந்தன என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது. அமுக்கத்தின் இலக்கம் ஏறிக்கொண்டிருந்ததே தவிர, திசுக்களுக்குக் குருதி போய்ச் சேரவில்லை.

இதயத்துக்கு வந்துசேரும் குருதி கூடும்போது அதன் சுவர் சற்று விரிந்து, அடுத்த துடிப்பில் கூடுதலாக வெளியே தள்ளும். இது ஓர் எல்லைவரைதான் நடக்கும். அந்த எல்லையைத் தாண்டிய இதயத்துக்கு மேலும் திரவம் கொடுத்தால், தள்ளும் அளவு கூடாது. திரவம் பின்னால் தேங்கி நுரையீரலுக்குள் கசியும். உறுப்புகளுக்குப் போதிய குருதி போய்ச் சேராத அதிர்ச்சி நிலையில் உள்ள நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே மேலதிகத் திரவத்தால் இதயம் தள்ளும் குருதி கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. கடும் தொற்றில் குருதிக்குழாய்களே கசிவதால், ஏற்றிய சேலைனின் பெரும்பகுதி சிறிது நேரத்தில் குழாய்களை விட்டு வெளியேறிவிடுகிறது. ஏறிய அமுக்கம் மறுபடி இறங்குகிறது, அடுத்த போத்தல் தொங்குகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலோடு வந்த 3,141 சிறுவர்களில், திரவத்தை வேகமாக ஏற்றியவர்களில் 48 மணித்தியாலத்துக்குள் இறந்தோர் நூற்றுக்கு 10க்கும் சற்று மேல். அப்படி ஏற்றாதவர்களில் 7.3. மலேரியாவும் குருதிச்சோகையும் மலிந்த இடங்கள் அவை என்பதால் அந்த முடிவை அப்படியே நம் விடுதிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் செயற்கைச் சுவாசக் கருவி கைக்கெட்டாத இடத்தில் திரவம் எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதை அது காட்டியது. நம் சிறிய வைத்தியசாலைகள் பலவற்றின் நிலையும் அதுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது தோலை. சுட்டுவிரல் நுனியை வெளுக்கும்வரை அழுத்தி, பத்துச் செக்கன் பிடித்து, விட்டபின் நிறம் திரும்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று எண்ண வேண்டும். மூன்று செக்கனுக்கு மேல் போனால் சுற்றோட்டம் குறைவு என்று கொள்ளலாம். 2019இல் இலத்தீன் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளரிடம் நடந்த ஆய்வில், அரை மணிக்கொரு தடவை இந்தச் சோதனையைச் செய்து திரவத்தைத் தீர்மானித்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 34.9, சுற்றோட்டம் குறையும்போது குருதியில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவை வைத்துத் தீர்மானித்தவர்களில் 43.4. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதி என்று சொல்லும் எல்லையைத் தொடவில்லை. ஆனாலும், லாக்டேட் பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் ஒரு விரலும் ஒரு கடிகாரமும் அதற்குக் குறையாத வழிகாட்டி என்று நம்ப அது போதும்.

நம் மலைகளில் இந்தச் சோதனைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை மாத விடியற்காலையில் அங்கே சுகமாக இருப்பவரின் விரலிலும் நிறம் திரும்பத் தாமதிக்கும். வருடக்கணக்காகக் கொழுந்து பறித்துக் கறை படிந்து தோல் தடித்த விரலில், அதுவும் குருதிச்சோகை உள்ள பெண்ணின் விரலில், வெளுப்பதையும் சிவப்பதையும் பிரித்தறிவது கடினம். ஆகவே கையைக் கம்பளிக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றிய பிறகே எண்ணுங்கள். சந்தேகமானால் நெஞ்செலும்பின் மேலுள்ள தோலில் எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே டோர்ச் வெளிச்சம். "நன்று" என்று எழுதாமல் "5 செக்கன்" என்று எழுதுங்கள். சுற்றோட்டம் குறைந்தால் முழங்காலைச் சுற்றி வரும் திட்டுத்திட்டான நிறமாற்றம் நம் மாநிறத் தோலில் எளிதில் தெரியாது. அதனால் புறங்கையால் கால்விரலிலிருந்து மேல்நோக்கித் தொட்டுக்கொண்டே போய், குளிர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறேன். முழங்காலில் இருந்த அந்தக் குளிரின் எல்லை ஒரு மணித்தியாலத்தில் கணுக்காலுக்கு இறங்குவது, எந்த மொனிட்டரும் காட்டாத நல்ல செய்தி.

மொனிட்டர் ஏமாற்றும் இடம் டெங்கு. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் காய்ச்சலோடு தோட்டத்துக்குத் திரும்பி வருவது எங்களுக்குப் பழகிய காட்சி. 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவான 2017இல் அதை நாள்தோறும் கண்டோம். டெங்கில் நீர் கசியும்போது மேல் இலக்கம் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும், கீழ் இலக்கம்தான் ஏறும். திரையில் 100/82 என்று பச்சை நிறத்தில் நிற்கும், அலாரம் அடிக்காது, பிள்ளையும் பேசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே 18தான். இருபதுக்குக் குறைந்தாலே அது அதிர்ச்சி நிலை. கசிவு நடக்கும் 48 மணித்தியாலத்துக்கு, 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு நம் நாட்டு வழிகாட்டலின்படி கணக்கிடும் மொத்தத் திரவம் 4,600 மில்லிலீற்றர். வாயால் குடிப்பதும் அதற்குள்ளேயே அடங்கும். பாட்டி அன்போடு பிளாஸ்கில் கொண்டுவந்து ஊட்டும் கஞ்சியும், கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புக்கரைசலும் எங்களுக்குத் தெரியாவிட்டால் கணக்குப் பிழைத்து, கசிந்த நீர் திரும்பும் மூன்றாம் நாள் மூச்சு முட்டும். கொடுங்கள், ஆனால் எத்தனை கோப்பை என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

சிறுநீரைப் பொறுத்தவரை, கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீற்றர், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 25 மில்லிலீற்றர் என்பது பொதுவான கீழெல்லை. நீரிழிவு உள்ளவரின் சீனி எகிறியிருந்தால் உடல் வறண்டிருக்கும்போதும் சிறுநீர் தாராளமாகப் போகும்; அந்தப் பையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

திரவம் பயன்படுமா என்பதை ஒரு துளியும் ஏற்றாமல் அறியவும் வழியுண்டு. தலைப்பக்கம் 45 பாகை உயர்ந்திருக்கும் நோயாளரை, கட்டிலின் பொறியைக்கொண்டே தட்டையாக்கி, கால்பக்கத்தை 45 பாகைக்கு உயர்த்தினால், கால்களில் நிற்கும் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் குருதி இதயத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் தள்ளும் குருதி கூடுகிறதா என்று இதய ஸ்கானான எக்கோவில் பார்க்க வேண்டும். எக்கோ இல்லாத இடத்தில் குருதியமுக்கத்தின் இரு இலக்கங்களின் இடைவெளி ஒரு தோராயமான துணை. கூடாவிட்டால் காலை இறக்கிவிடலாம். ஏற்றிய போத்தலைத் திரும்ப எடுக்க முடியாது. கைகளால் காலைத் தூக்கினால் வலியிலும் பதற்றத்திலும் நாடி ஏறி, முடிவு பிழையாகும்.

இவை எல்லாம் ஒரே வைத்தியசாலைக்குள் முடிவதில்லை. வளைவு வளைவாக இறங்கும் பாதையில் அம்புலன்ஸில் நோயாளர் எங்களிடம் வரும்போது, கூடவே வரும் கடிதத்தில் பெரும்பாலும் "மூன்று சேலைன் ஏற்றப்பட்டது" என்று மட்டும் இருக்கும். எப்போது, எவ்வளவு வேகத்தில், ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ன மாறியது என்று தெரியாததால் நாங்கள் முதலிலிருந்து தொடங்குவோம். அண்மையில், தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு சிறிய வைத்தியசாலையிலிருந்து வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: "2.10க்கு 250 மில்லிலீற்றர்: நிறம் திரும்ப 6 செக்கன், பிறகு 4. 2.50க்கு 250: 4 செக்கன், மாற்றமில்லை, மூச்சு 20இலிருந்து 28, சேலைன் மெதுவாக்கப்பட்டது." அதை வாசித்த வைத்தியர் நுரையீரலைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு போத்தலுக்குச் சொல்லாமல், குருதிக்குழாய்களைச் சுருக்கி அமுக்கத்தை உயர்த்தும் நோரட்ரினலின் மருந்தைப் பத்து நிமிடத்துக்குள் தொடங்கினார். காலை ஆறு மணிக்கு அந்த அம்மாவின் முழங்கால் வெதுவெதுப்பாக இருந்தது. கடமை முடிந்ததும் அந்தக் கடிதத்தை எழுதிய தங்கையைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொன்னேன்.