சுங்க ஒன்றியம்: ஒரு சொல், இரண்டு வாக்குறுதிகள்

அண்டை நாடுகள் நாலைந்து சேர்ந்து ஒரு வணிக உடன்பாடு செய்துகொண்டால், நம் நாளிதழ்களில் அது இன்று 'தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்', நாளை 'பொதுச் சந்தை', அடுத்த வாரம் 'சுங்க ஒன்றியம்'. எழுதுபவருக்கு மூன்றும் ஒன்றுதான். பொருளியலில் மூன்றும் வேறு வேறு. அதிகம் குழம்பிப்போவது மூன்றாவது.

சுங்க ஒன்றியத்தில் இரண்டு வாக்குறுதிகள் உண்டு. உறுப்பு நாடுகளுக்குள் போய்வரும் சரக்குக்கு இறக்குமதி வரி கிடையாது என்பது முதலாவது. வெளிநாட்டுச் சரக்கு எந்த உறுப்பு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கினாலும் அதற்கு ஒரே வரி என்பது இரண்டாவது. முதலாவதோடு நின்றுவிட்டால் அது தடையற்ற வணிகப் பகுதி மட்டுமே. இரண்டாவதும் சேர்ந்தால்தான் ஒன்றியம். இந்த இரண்டோடு ஆட்களும் மூலதனமும் தடையின்றிப் போய்வர வழி செய்தால் பொதுச் சந்தை.

முதலில் 'சுங்கம்'. இதற்கு முன்பே தமிழில் அதே பொருளில் 'உல்கு' என்ற சொல் இருந்தது. திருக்குறள் அரசனுடைய வருவாயைச் சொல்லும்போது 'உல்கு பொருளும்' என்று ஒன்றை வைக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு வாங்குகிறார்கள். கடலிலிருந்து கரைக்கு வருவதும் கரையிலிருந்து கடலுக்குப் போவதுமாகக் குவிந்து கிடக்கும் பண்டங்களில் புலி முத்திரை பொறித்து வெளியே விடுகிறார்கள். இன்றைய சுங்க அலுவலர் ஒருவருக்கு இந்தக் காட்சியில் அந்நியமாக எதுவும் தெரியாது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்த கழுதைச் சாத்து (வணிகக் கூட்டம்) போகும் சாலைக்கு 'உல்குடைப் பெருவழி' என்றே பெயர். ஆக, துறைமுகத்தில் வாங்கியதும் உல்கு, நடுவழியில் வாங்கியதும் உல்கு. நாட்டின் எல்லை, ஊரின் எல்லை என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள் இல்லை.

சுங்கத்துக்கும் அதே நிலைதான். அகராதிகள் இந்தச் சொல்லை வடமொழிச் 'சுல்கம்' என்பதோடு இணைக்கும். அது பிராகிருதம் வழியாகத் திரிந்து தமிழில் சுங்கம் ஆயிற்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய இதே வடிவம் உண்டு. உல்கையும் அதே வேரில் சேர்ப்பவர்கள் உண்டு, தமிழுக்கே உரியது என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் 11ஆம் நூற்றாண்டுக்குள் சுங்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டப்பெயர். இன்று தமிழ்நாட்டில் 'சுங்கச்சாவடி' என்றால் நெடுஞ்சாலைக் கட்டணம் வாங்கும் இடம்; 'சுங்கத்துறை' என்றால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்பவர்கள். பழைய உல்கின் இரண்டு வேலைகளையும் சுங்கம் இன்னும் விடாமல் பார்க்கிறது.

மற்ற மொழிகளிலும் கதை சுவையானதுதான். ஆங்கிலத்தில் 'கஸ்டம்' என்றால் வழக்கம். அரசனுக்கு வழக்கமாகச் செலுத்திவந்த பணம் என்பதால் சுங்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சுங்கத்தைத் 'துவான்' என்பார்கள். பாரசீகத் 'திவான்' அரபு, இத்தாலிய மொழிகள் வழியே சுற்றி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நம்மூர்த் திவானும் அதே பாரசீகச் சொல்தான்.

'ஒன்றியம்' ஒன்றுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஊராட்சி ஒன்றியம், மாணவர் ஒன்றியம், ஐரோப்பிய ஒன்றியம் என்று பழகிய சொல். இதற்குப் பதிலாகச் 'சுங்கக் கூட்டணி' என்று எழுதுவதுண்டு. எனக்கு அது ஒத்துவராது. கூட்டணியில் ஒவ்வொருவரும் தம் கொடியைத் தாமே வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் தேர்தல் முடிந்ததும் கிளம்பலாம். சுங்க ஒன்றியத்தில் ஒரு நாடு தன் இறக்குமதி வரி விகிதத்தைத் தானே வைக்கும் உரிமையைக் கைவிடுகிறது. 'சுங்கச் சங்கம்' என்றாலோ சுங்க ஊழியர்களின் தொழிற்சங்கம் போல ஒலிக்கிறது. இரண்டாவது வாக்குறுதிக்கு, அதாவது வெளியாருக்கு வைக்கும் ஒரே வரிக்கு, 'பொதுப் புறத் தீர்வை' என்று எழுதலாம். இலங்கையில் தீர்வை அன்றாட வழக்கு. தமிழ்நாட்டிலும் 'ஆயத்தீர்வை' என்று அரசுத் துறையின் பெயரிலேயே அது இருக்கிறது.

இந்தக் கருத்துக்குப் பேர்பெற்ற முன்னோடி 1834 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மன் அரசுகளின் சுங்க ஒன்றியம். ஒரே ஜெர்மனி உருவானது அதற்கு 37 ஆண்டு கழித்துத்தான். இன்று உலக வணிகத்தில் செல்லுபடியாகும் இலக்கணம் 1947இன் காட் (தீர்வை, வணிகம் பற்றிய பொது உடன்பாடு) உடன்பாட்டின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. உறுப்பு நாடுகளுக்குள் ஏறத்தாழ எல்லா வணிகத்துக்கும் வரி நீங்க வேண்டும், வெளியாருக்கு ஏறத்தாழ ஒரே வரி இருக்க வேண்டும் என்கிறது அது. வளரும் நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளுக்கு 1979இல் தனிச் சலுகை கிடைத்தது. அவை இந்த இலக்கணத்துக்கு முழுதும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

பொதுப் புறத் தீர்வை இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் கையெழுத்திட்டு 2000இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தடையற்ற வணிக உடன்பாட்டில் விடை இருக்கிறது. பாமாயிலுக்கு இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. இலங்கையில் செய்த வனஸ்பதிக்கோ இந்தியாவில் வரிச்சலுகை. கணக்குத் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. குறைந்த வரியில் பாமாயில் அங்கே இறங்கியது, வனஸ்பதி ஆனது, இந்தியாவுக்கு வந்தது. இந்திய உற்பத்தியாளர்கள் கூச்சலிட்டார்கள். கடைசியில் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வைத்தது.

இந்த மாதிரிச் சுற்றுவழியை அடைக்கத்தான் 'தோற்ற விதிகள்' இருக்கின்றன. சரக்கு உண்மையில் அந்த நாட்டில் விளைந்ததா, அல்லது அங்கே போதிய அளவு மதிப்புக் கூடியதா என்று சான்று காட்ட வேண்டும். இந்திய-இலங்கை உடன்பாட்டில் உள்நாட்டு மதிப்புக்கூட்டல் குறைந்தது 35 விழுக்காடு. சுங்க ஒன்றியத்தில் கொள்கையளவில் இந்தத் தலைவலியே இல்லை. பாமாயில் எந்தக் கதவு வழியாக வந்தாலும் ஒரே வரி என்றால், மலிவான கதவைத் தேடிப் போக வேண்டியதில்லை; சான்றிதழும் வேண்டாம். 2006இல் தொடங்கிய தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதியான சாஃப்டா இந்த இரண்டாம் படிக்கு ஏறவே இல்லை. அதைச் சுங்க ஒன்றியம் என்று எழுதினால் பிழை.

சுங்க ஒன்றியம் என்றாலே எல்லாருக்கும் லாபம் என்ற நம்பிக்கையை 1950இல் ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் கலைத்தார். அவர் சொன்னதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு துணி தொலைநாட்டிலிருந்து வந்தால் 100, பக்கத்து நாட்டிலிருந்து 110, உள்நாட்டில் நெய்தால் 125. இறக்குமதி வரி 20 விழுக்காடு. தொலைநாட்டுத் துணி வரியோடு 120, பக்கத்து நாட்டுத் துணி 132. மக்கள் 120க்குத் தொலைநாட்டுத் துணியை வாங்குகிறார்கள். அரசுக்கு 20 கிடைக்கிறது. இப்போது பக்கத்து நாட்டோடு ஒன்றியம். அங்கிருந்து வரும் துணி வரியில்லாமல் 110. வாங்குபவருக்கு 10 மிச்சம், அரசுக்கு 20 நட்டம். நாட்டுக்கு மொத்தத்தில் 10 போய்விட்டது. அது பக்கத்து நாட்டு ஆலையின் கூடுதல் செலவில் கரைந்துவிட்டது. இதற்கு 'வணிகத் திசைமாற்றம்' என்று பெயர் வைக்கலாம். இதற்கு மாறாக, உள்ளூரில் கூடுதல் செலவில் செய்துவந்ததை விட்டுவிட்டு அண்டை நாட்டில் மலிவாக வாங்கத் தொடங்கினால் அது 'வணிக ஆக்கம்'. எந்த ஒன்றியத்திலும் இரண்டும் கலந்தே இருக்கும். எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

ஏழை நாடுகளுக்கு அந்த 20 சின்னத் தொகை அல்ல. வருமான வரி வசூலிக்க ஆள்பலம் இல்லாத அரசுக்குத் துறைமுகத்தில் நின்று சுங்கம் வாங்குவதுதான் சுலபம். அதனால்தான் வருவாய்ப் பங்கீடு எப்போதும் சண்டைக்குரிய பொருள். இன்றும் இயங்கிவரும் சுங்க ஒன்றியங்களில் மிகப் பழையதான தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் 1910இல் தொடங்கியது. அன்றைய உடன்பாட்டின்படி வசூலில் சுமார் 98.7 விழுக்காடு தென்னாப்பிரிக்காவுக்கு. இன்றைய போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி மூன்றுக்கும் சேர்த்து மீதி 1.3. நமீபியா 1990இல் சேர்ந்தது. 2002இல் புதுச் சூத்திரம் வந்தது. அதன்படி சுங்கப் பங்கு, ஒன்றியத்துக்குள்ளிருந்து எந்த நாடு எவ்வளவு இறக்குமதி செய்கிறதோ அதைப் பொறுத்துப் பிரியும். தென்னாப்பிரிக்காவிடம் நிறைய வாங்கும் சிறிய நாடுகளுக்கு நிறையப் பங்கு. வைனர் காட்டிய நட்டத்துக்கு இழப்பீடு என்று இதைப் படிக்கலாம். மறுபக்கமும் உண்டு. லெசோத்தோவும் எஸ்வாத்தினியும் இந்தப் பங்கை நம்பியே வரவுசெலவுத் திட்டம் போடுகின்றன. பங்கு குறைந்த ஆண்டில் அரசே தள்ளாடுகிறது. தீர்வை விகிதத்தை ஐந்து நாடுகளும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்று உடன்பாடு சொன்னாலும், நடைமுறையில் விகிதம் வைப்பது தென்னாப்பிரிக்காவே.

கிழக்கு ஆப்பிரிக்காவின் கதை இன்னும் நீளம். கென்யாவும் உகாண்டாவும் ஆங்கிலேயர் காலத்திலேயே, 1917இல், ஒரே சுங்கத்தின் கீழ் வந்தன. தாங்கனிகா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) பின்னர் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1967இல் மூன்று நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை அமைத்தன. பத்தே ஆண்டில் உடைந்தது. தொழிற்சாலைகளெல்லாம் கென்யாவிலேயே குவிகின்றன என்ற மனக்குறை அதற்கு ஒரு காரணம். உகாண்டாவில் இடி அமீனின் ஆட்சியும் தலைவர்களுக்கிடையே இருந்த கொள்கைப் பிளவும் மற்றவை. 1999இல் அருஷாவில் புது உடன்பாடு கையெழுத்தானது. சுங்க ஒன்றியம் 2005 ஜனவரி 1 அன்று தொடங்கியது. மூலப்பொருளுக்கு 0, இடைநிலைப் பொருளுக்கு 10, முடித்த பொருளுக்கு 25 விழுக்காடு என்று பொதுப் புறத் தீர்வை. 2022இல் 35 விழுக்காடு என்று நான்காவது படியும் வந்தது.

காகிதத்தில் அழகுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்ட நேரத்தில் உறுப்பு நாடுகள் 'இந்தப் பொருளுக்கு மட்டும் இந்த ஆண்டு எங்களுக்கு விலக்கு' என்று விண்ணப்பிக்கின்றன, கிடைக்கவும் செய்கிறது. இந்தப் படிகளுக்கு வெளியே தனியாக வைத்த அரிசிக்குப் பொதுத் தீர்வை 75 விழுக்காடு. கென்யா தனி அனுமதி வாங்கி 35 விழுக்காட்டில் இறக்கிவந்திருக்கிறது. 35இல் இறங்கிய அரிசி, 75 வாங்கும் பக்கத்து நாட்டுக்குள் போய்விடக் கூடாதல்லவா? எனவே எல்லையில் மறுபடியும் சோதனை, மறுபடியும் தோற்றச் சான்று. வனஸ்பதியின் தொல்லை ஒன்றியத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

கென்யா-உகாண்டா எல்லையில் உள்ள பூசியாவைப் பாருங்கள். இரு பக்கத்து ஊருக்கும் அதே பெயர். கூடையிலும் மிதிவண்டியிலும் சரக்குக் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சரக்கின் மதிப்பு 2,000 டாலருக்குள் இருந்து, ஒப்புக்கொண்ட பட்டியலில் அந்தப் பொருளும் இருந்தால், எல்லை அலுவலகத்திலேயே எளிய தோற்றச் சான்று ஒன்றை வாங்கி வரியில்லாமல் கடக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒன்றியம் முழுமை பெற்றிருந்தால் அந்தச் சீட்டே தேவைப்படாது. பெரிய சரக்கு லாரிகளுக்கு அங்கே 'ஒற்றை நிறுத்த எல்லைச் சாவடி' இருக்கிறது. கென்யாவிலிருந்து போகும் லாரி கென்யப் பக்கம் நிற்காமல் நேரே உகாண்டாப் பக்கம் போகும். இரு நாட்டு அலுவலர்களும் ஒரே வளாகத்தில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்து முடிப்பார்கள். ஆப்பிரிக்காவில் இதை முதலில் செய்தது 2009இல் சாம்பியா-சிம்பாப்வே எல்லையிலுள்ள சிருண்டு. அந்த இரு நாடுகளுக்கும் இடையே செயல்படும் சுங்க ஒன்றியம் கிடையாது. எல்லைக் காத்திருப்பைக் குறைக்க ஒன்றியம் கட்டாயமில்லை என்பதற்கு அதுவே சான்று.

இந்தச் சொல்லைக் கையாளும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நாடு எத்தனை தடையற்ற வணிகப் பகுதிகளில் வேண்டுமானாலும் இருக்கலாம். சுங்க ஒன்றியம் ஒன்றில்தான் இருக்க முடியும். ஒரே சரக்குக்கு இரண்டு பொதுத் தீர்வை எப்படி வாங்குவது? கென்யாவும் உகாண்டாவும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தோடு கொமேசா என்ற கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பெரிய வணிக அமைப்பிலும் உறுப்பினர்கள். கொமேசா 2009இல் தன் சுங்க ஒன்றியத்தை அறிவித்தது; அறிவிப்போடு நிற்கிறது. எஸ்வாத்தினி கொமேசாவில் உறுப்பினர், தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்திலும் உறுப்பினர். அதனால் கொமேசாவின் சலுகையை அது பெற்றுக்கொள்ளும், பதிலுக்குத் தராது. அதற்கென்று தனி விலக்கு வாங்கி வைத்திருக்கிறது. 2018இல் கிகாலியில் கையெழுத்தாகி 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கிய ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி இந்தச் சிக்கலைத் தள்ளிவைத்திருக்கிறது. இப்போதைக்கு அதில் பொதுப் புறத் தீர்வை இல்லை, ஏற்கெனவே உள்ள சுங்க ஒன்றியங்கள் அதனுள் தனித்தனி அலகுகளாகவே தொடர்கின்றன.